செல்பேசியா, அலைபேசியா, கைப்பேசியா?

வங்கிக் கிளை ஒன்றில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ‘அலைபேசி எண்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, “இது என்ன தம்பி கேக்குறாங்க?” என்றார். “செல் நம்பருங்க ஐயா” என்றேன். சட்டைப் பையிலிருந்த துண்டுத்தாளைப் பார்த்து எண்ணை எழுதி முடித்தவர், “அதையே போட்டிருக்கலாமே” என்றார்.

பெரியவரின் கேள்வி நியாயமானது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியதே இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பேச்சுத் தமிழ் ‘செல்’, ‘செல்போன்’, ‘மொபைல்’, ‘போன்’ என்று தன் வேலையை முடித்துக்கொண்டது. எழுத்துத் தமிழோ செல்பேசி, செல்லிடப்பேசி, அலைபேசி, கைப்பேசி என்ற நான்கிற்கும் இடையே இன்னும் ஊசலாடுகிறது. நான்கிலும் ‘பேசி’ பொது. மண்வெட்டி, சுமைதாங்கி, பூச்சிக்கொல்லி ஆகியவற்றைப் போல வினையோடு இகர விகுதி சேர்ந்து கருவிக்குப் பெயரான சொல் அது. ஆகவே போட்டி முழுவதும் முன்னொட்டில்தான்.

‘செல்’ என்பதன் ஆங்கில மூலம் சிற்றறையைக் குறிக்கும். ஒரு நகரைத் தேன்கூடு போலச் சிறு பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் நிறுவி, அடுத்தடுத்த பரப்புகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகளையும் சற்றுத் தள்ளியுள்ள பரப்புக்கு அதே அலைவரிசையை மீண்டும் ஒதுக்கினால், குறைந்த அலைவரிசைகளைக் கொண்டே பெருந்திரளானோர் பேச முடியும் என்ற கருத்தை 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் முன்வைத்தனர். தமிழில் ‘செல்’ என்றதும் இவற்றில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. டார்ச் விளக்கில் போடும் செல்லும், ஏட்டை அரிக்கும் செல்லும்தான் முன்னே வந்து நிற்கின்றன. இருப்பினும் ‘செல்கின்ற பேசி’ என்று வினைத்தொகையாக விரித்தால், சொல் முழுத்தமிழாகிப் பொருளும் பொருந்திவிடுகிறது. வாய்வழக்குக்கு மிக அருகில் இருப்பதும் இதுவே. ஆங்கில ஒலியைத் தமிழ்ப் பொருளுக்குள் இவ்வளவு இயல்பாக ஒளித்துவைத்த சொற்கள் குறைவு.

செல்லிடப்பேசி அதை மேலும் விளக்கமாக்க முயன்று நீண்டுபோன சொல். சில நாளிதழ்கள் அதை விடாமல் எழுதிவந்தும் பேச்சில் அது ஏறவே இல்லை. ஆனால் ‘செல்லிடம்’ திருக்குறளின் 301-ஆம் குறளில் வரும் சொல். அங்கே அதற்குச் சினம் பலிக்கக்கூடிய இடம் என்று பொருள். அந்தப் பொருளில் கொண்டால், சிக்னல் கிடைக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும் கருவிக்கு இதைவிடத் துல்லியமான பெயர் இருக்க முடியாது. ஆயினும் ஆறு எழுத்துத் தாண்டிய சொல்லை அவசரத்தில் யார் சொல்வார்?

அலைபேசி சுவையான வழக்கு. வானொலி அலையால் இயங்குவதால் இப்பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியானால் இரண்டு தடைகள் எழுகின்றன. முதலாவது, காவலர் கையிலிருக்கும் வாக்கிடாக்கியும் வீட்டுக்குள் கம்பியின்றிப் பேசும் தொலைபேசியும்கூட அலையால்தான் இயங்குகின்றன. இரண்டாவது இலக்கணத் தடை: அலை என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால், அலைக்கற்றை என்பதில் ‘க்’ மிகுவது போல, இங்கும் வல்லினம் மிகுந்து ‘அலைப்பேசி’ என்றாக வேண்டும். மிகாமல் எழுதும்போது அது ‘அலைகடல்’ போன்ற வினைத்தொகையாகி, அலைகின்ற பேசி என்றே பொருள் தருகிறது. ஆங்கிலத்தின் ‘மொபைல்’ சொல்லவருவதும் ஏறத்தாழ அதுதான். ஆக, தவறான காரணத்துக்காகச் சரியாக எழுதப்படும் சொல் இது. அழகைக் கேட்டால் என் வாக்கு இதற்கே.

படிவத்தில் அச்சிட எதைத் தேர்வீர் என்று கேட்டால் கைப்பேசி என்பேன். முதன்முறை கேட்பவருக்கும் அது விளங்கும். அலை என்ன, செல் என்ன என்ற விளக்கம் தேவைப்படாது. இலங்கையில் கையடக்கத் தொலைபேசி, சிங்கப்பூரில் கைத்தொலைபேசி என்று வழங்குவதால், கடல் கடந்த தமிழும் ‘கை’யையே பற்றியிருக்கிறது. ஜெர்மானியரின் ‘ஹேண்டி’யும் சீனரின் ‘ஷோஜி’யும் கையை வைத்துப் பிறந்த பெயர்களே. 1973-இல் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று பேசிய கருவி ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அன்றும் அதன் புதுமை கையில் எடுத்துச் செல்ல முடிந்ததில்தான் இருந்தது.

ஒற்று மட்டும் கவனத்துக்குரியது. கைப்பிடி, கைப்பை, கைத்தடி, கைக்குட்டை என்று எழுதும் நாம் ‘கைபேசி’ என்று எழுதினால், கையே பேசிவிட்டது போன்ற எழுவாய்த் தொடராகத் தொனிக்கிறது. தொலைபேசியில் மிகாத வல்லினம் தொலைக்காட்சியில் மிகுகிறதே என்று மடக்குவோர் உண்டு. ‘தொலை’யை ஓரிடத்தில் வினையாகவும் மற்றோரிடத்தில் பெயராகவும் கொண்டு சமாதானம் சொல்லலாம். கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவை அனைத்துக்கும் அப்பால், பேச்சில் வெற்றிபெற்று வருவது ‘போன்’ என்ற பழைய சொல்தான். ஒரு காலத்தில் அது வீட்டு மேசைமீது இருந்ததைக் குறித்தது; இன்று மேசைமீது இருப்பதைத்தான் ‘லேண்ட்லைன்’ என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிவத்தை வாங்கிப் பார்த்த வங்கி ஊழியர், “உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க ஐயா” என்றார். பெரியவர் இம்முறை யாரையும் கேட்காமல் இடுப்பு மடிப்பிலிருந்து அதை எடுத்தார்.