அவென்யூ ரோடில் பி.காம் எகனாமிக்ஸ் புத்தகம்: எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

மைசூர் பேங்க் சர்க்கிளில் ஆரம்பித்து கே.ஆர். மார்க்கெட் பக்கம் போய் முடியும் அவென்யூ ரோடுதான், பெங்களூரில் பழைய பாடப்புத்தகம் தேடுபவர்கள் இன்றும் முதலில் போக வேண்டிய இடம். மெட்ரோ பர்ப்பிள் லைனில் சென்ட்ரல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம். வண்டியில் போனால் அதை நிறுத்த இடம் தேடியே களைத்துவிடுவீர்கள். கடைக்காரர்கள் பலருக்குத் தமிழ் வரும். வராவிட்டாலும் கன்னடத்தில் "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறைச்சுக்கோங்க) போதும்.

ஆனால் "பி.காம் எகனாமிக்ஸ்" என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். கடைக்காரருக்கு அட்டை தெரியும், பாடத்திட்டம் தெரியாது. அது அவர் வேலையும் இல்லை. கர்நாடகத்தில் 2021-22இல் தேசியக் கல்விக் கொள்கைப்படி (என்.இ.பி.) பட்டப்படிப்பு மாறியது. 2024-25இல் அதைக் கைவிட்டு மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பினார்கள். நடுவில் அச்சான என்.இ.பி. கைடுகள் இப்போது மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். பேப்பர் பெயர் ஒன்றாக இருந்தாலும் யூனிட்டுகள் மாறியிருக்கலாம். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமே தனி. சிலபஸ் தாளை போனில் வைத்துக்கொண்டு, உள்ளடக்கப் பக்கத்தோடு ஒவ்வொரு யூனிட்டாக ஒப்பிட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

நுண்ணியல் (மைக்ரோ எகனாமிக்ஸ்) பாடநூலைத் தயங்காமல் பழசாக வாங்கலாம். தேவை, நெகிழ்ச்சி, செலவு, சந்தை வகைகள் எதுவும் பத்து வருடத்தில் மாறிவிடவில்லை. எது நல்ல புத்தகம் என்று அறிய இரண்டு பக்கம் திறந்தால் போதும்.

முதலில் செலவு வளைகோடுகள். எம்.சி. (இறுதிநிலைச் செலவு) கோடு ஏ.வி.சி. (சராசரி மாறும் செலவு), ஏ.சி. (சராசரிச் செலவு) இரண்டையும் அவற்றின் மிகத் தாழ்ந்த புள்ளியில்தான் வெட்டிக்கொண்டு மேலேற வேண்டும். கூடுதலாகச் செய்யும் ஒரு யூனிட்டின் செலவு சராசரியைவிடக் குறைவாக இருக்கும்வரை சராசரி இறங்கும், அதிகமானதும் ஏறும். ஆகவே வேறு இடத்தில் சந்திக்க வழியே இல்லை. இடது சரிவிலேயே வெட்டவிட்டிருக்கும் கைடை வாங்காதீர்கள். ஜெராக்ஸ் அடித்து பைண்ட் செய்த திருட்டுப் பதிப்புகளும் இந்தப் பக்கத்தில்தான் மாட்டும்: மூன்று கோடும் ஒரே மையாக ஒட்டி, எழுத்துகள் கரைந்திருக்கும்.

அடுத்தது விலை நெகிழ்ச்சிக் கணக்கு, அதாவது விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது. விலை 10 ரூபாயிலிருந்து 12 ஆகிறது, தேவை 100லிருந்து 80 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சதவீத முறையில் 20ஐ 20ஆல் வகுத்தால் விடை 1. ஆனால் மொத்தச் செலவு 1000 ரூபாயிலிருந்து 960 ஆகக் குறைந்திருக்கிறதே? நெகிழ்ச்சி சரியாக 1 என்றால் அது மாறியிருக்கக் கூடாது. சராசரியை வைத்துச் செய்யும் வில் முறையில், அதாவது 20/90ஐ 2/11ஆல் வகுத்தால், சுமார் 1.22 வரும், செலவு குறைந்ததோடு பொருந்தும். எந்த முறை என்று சொல்லாமல் விடையை மட்டும் போடும் புத்தகம் பரீட்சையில் காலை வாரும்.

இந்தியப் பொருளாதாரம் புத்தகத்தைப் பழசாக வாங்குவது வீண் செலவு. திட்டக் குழு இப்போதும் இயங்குவது போல எழுதியிருந்தால் உடனே மூடுங்கள். 2015 ஜனவரி 1இல் அதன் இடத்துக்கு நிதி ஆயோக் வந்துவிட்டது. அதே ஆண்டு ஜி.டி.பி. (மொத்த உள்நாட்டு உற்பத்தி) கணக்கும் மாறியது. காரணிச் செலவில் ஜி.டி.பி. என்ற பழைய தலைப்பு எண் போய், துறைவாரிக் கணக்கு அடிப்படை விலையில் ஜி.வி.ஏ. (மொத்த மதிப்புக் கூட்டல்) ஆனது. அதோடு பொருள்கள் மீதான வரியைக் கூட்டி மானியத்தைக் கழித்தால்தான் ஜி.டி.பி. பட்ஜெட்டில் திட்டம், திட்டமல்லாத செலவு என்ற பிரிவு 2017-18இல் ஒழிந்தது. 2024இல் அச்சான புத்தகமே தப்பாது: சிறு தொழில் எது என்று வகைப்படுத்தும் வரம்பு 2025 ஏப்ரலிலும், ஜி.எஸ்.டி. அடுக்குகள் 2025 செப்டம்பரிலும் மாறின. இதைப் புதிதாகவே வாங்குங்கள். புள்ளிவிவரத்துக்கு மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இணையத்தில் இலவசம்.

ஓசூர், தருமபுரி பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் தமிழ்நாட்டு பிளஸ் ஒன், பிளஸ் டூ பொருளியல் பாடநூலைப் போனில் இறக்கிக்கொள்ளலாம், அதற்கும் காசில்லை. சமநோக்கு வளைகோடு, இறுதிநிலைச் செலவு என்று புரிந்துகொண்டு ஆங்கிலப் பெயரை ஓரத்தில் குறித்து வைத்தால், விடைத்தாளில் திணறல் குறையும்.

விலைக்கு வருவோம். கடைக்காரர் அச்சிட்ட விலையில் பாதி கேட்டால், நீங்கள் மூன்றில் ஒரு பங்கில் பேரத்தைத் தொடங்குங்கள். காசைக் கொடுக்கும் முன் படங்கள் உள்ள அத்தியாயங்களில் பக்க எண்ணைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். கிழிபடுவது பெரும்பாலும் அங்கேதான். செமஸ்டர் முடிந்து திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள் என்பதை முதல் பக்கத்தில் கடை சீலோடு எழுதி வாங்குங்கள். அதுவரை அடிக்கோடு பென்சிலில் மட்டும். பேனா பட்டிருந்தால் அதைக் காட்டியே குறைப்பார்கள்.