நிக்ஸ்ஓஎஸ்ஸா, உபுண்டுவோடு ஆன்சிபிளா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப்களை வாங்கி, லினக்ஸ் போட்டு, அல்சூர் பக்கம் ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நண்பர்களுக்காக இது. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை.

ஆன்சிபிள் என்பது பல மெஷின்களை ஒரே மாதிரி அமைத்துக்கொடுக்கும் கருவி; 2012-இல் வந்தது, பலருக்கும் பழக்கம். உபுண்டுவை வழக்கம்போல் நிறுவி, தேவையானதை யாமல் என்ற எளிய டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி ஓட்டினால் போதும்.

நிக்ஸ்ஓஎஸ் உபுண்டு போல இன்னொரு லினக்ஸ்; ஆனால் அதில் சிஸ்டமே ஒரு கான்ஃபிக் ஃபைல்தான். பயனர் பெயர், நேர மண்டலம், தமிழ்99 தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என் மென்பொருள் எல்லாம் அதில் வரிகளாக இருக்கும். விஎல்சி (வீடியோ பிளேயர்) வரியை எடுத்துவிட்டு ரீபில்ட் செய்தால், அதாவது அந்த ஃபைலின்படி சிஸ்டத்தை மறுபடி கட்டினால், மெனுவில் விஎல்சி இருக்காது. ஆன்சிபிளில் அதே வரியை அழித்தால் ஒன்றுமே நடக்காது. 'ஆப்சென்ட்' என்று தனியாக எழுதினால்தான் போகும். யாராவது கையால் நிறுவியதையும் அது கண்டுகொள்ளாது. ஆறு மாதத்தில் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வருவது இப்படித்தான்.

அப்டேட்டுக்கு அப்புறம் வைஃபை படுத்துவிட்டதா? நிக்ஸ்ஓஎஸ் பூட் மெனுவிலேயே முந்தைய ஜெனரேஷன் (முன்பு கட்டிய சிஸ்டம்) இருக்கும், அதில் ஏறிக்கொள்ளலாம். (பிள்ளைகள் அழித்த ஹோம்வொர்க் திரும்பாது, அதற்கு பேக்கப்தான்.)

சரி, தொல்லை? நிக்ஸ் மொழி முதலில் கண்ணைக் கட்டும். நெட்டிலிருந்து இறக்கிய பைனரி (தயார்நிலை புரோகிராம்) பெரும்பாலும் நேராக ஓடாது, ஏனென்றால் லைப்ரரிகள் வழக்கமான இடத்தில் இல்லை. பழைய ஜெனரேஷன்களை அவ்வப்போது கழிக்காவிட்டால் 128 ஜிபி டிஸ்க் திணறிவிடும்.

என் ஓட்டு நிக்ஸ்ஓஎஸ்ஸுக்கு. பிரிண்டர் கம்பெனி டெப் ஃபைல் (உபுண்டு வகை லினக்ஸுக்கான நிறுவல் ஃபைல்) மட்டும்தான் தருகிறது என்றால், அந்த ஒரு மெஷினில் உபுண்டுவே இருக்கட்டும்.