நான்கு மரபு, நான்கு தொழில்: மூன்றரை ஆண்டுகள் ஆடிப் பார்த்த பிறகு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் பௌர்ணமிப் போயா நாள்தோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு அது. வங்கியில் வேலை செய்பவருக்கும் பரீட்சைக்குப் படிப்பவருக்கும் ஒன்றாகக் கிடைக்கும் விடுமுறை அதுதான். கதையை நடத்துவது நான். ஆட வருகிறவர்கள் ஐந்து பேர்.

2021 இறுதியில் முதல் ஆட்டத்தைத் தொடங்கியபோது எதற்கும் தடை சொல்லவில்லை. பாத்திரம் எந்த இனத்தில் பிறந்தது என்பது மரபு, என்ன வேலை தெரிந்தது என்பது தொழில். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் முதன்மை நூலிலேயே ஒன்பது மரபுகளும் பன்னிரண்டு தொழில்களும் இருக்கின்றன. அதற்கு மேல் துணை நூல்கள் வேறு. கொம்பு முளைத்தவன், டிராகன் முகத்தான், ஆவியோடு ஒப்பந்தம் செய்தவள் என்று ஐந்து பேரும் ஐந்து அதிசயங்களாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் ஊர்மக்கள் என்ன செய்வார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அதிசயமாக இருந்தபடியால் யாரைப் பார்த்தும் யாரும் வியக்கவில்லை. ஏழாவது அமர்வோடு கதை நின்றுபோனது.

அடுத்த ஆட்டம் 2022 ஏப்ரலில், மின்வெட்டுக் காலத்தில் தொடங்கியது. இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். மனிதர், கூர்காது எல்ஃப், குட்டையான கட்டுடல் ட்வார்ஃப், சிறுவர் உயரமே உள்ள ஹாஃப்லிங் என்று நான்கு மரபு. போர்வீரன், பூசகர், திருடன், மந்திரவாதி என்று நான்கு தொழில். கடதாசி விற்ற விலைக்கு அதற்கு மேல் அச்சடிக்கவும் வழியில்லை. பாத்திரக் குறிப்பை எல்லோரும் சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதினார்கள். மேசை நடுவில் ஒரு சார்ஜ் விளக்கு. பகடை உருண்டு வெளிச்சத்துக்கு வெளியே போனால் ஐந்து தலைகளும் ஒன்றாகக் குனியும்.

உலகத்தையும் சிறிதாக்கினேன்: மன்னார்க் கடலை நினைவில் வைத்து வரைந்த ஒரு முத்துக்குளிப்புக் கரை. ட்வார்ஃப்கள் கல் கட்டி மூழ்குகிறவர்கள். எல்ஃப்கள் சங்கு வாங்க வரும் வணிகர்கள். நான்கே மரபு என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு, ஒரு கடன் கணக்கு, ஒரு பழைய சண்டை என்று வைக்க முடிந்தது. போர்வீரர்கள் இருவர் வந்தபோது இருவரும் ஒன்றுபோல ஆகிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருத்தி தந்தையின் கடனுக்காக வாள் எடுத்தவள். மற்றவன் தோணி மூழ்கிய இரவில் தான் மட்டும் பிழைத்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறவன். விதிகள் தராத வேறுபாட்டை அவர்களே தேடிக்கொண்டார்கள். முதல் ஆட்டத்தில் ஒருவரும் தம் பாத்திரத்தின் தாயின் பெயரை யோசித்ததில்லை.

ஆனால் எல்லாத் தடையும் ஒரே வகையல்ல. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

பழைய பதிப்புகள்மீது எனக்குப் பெரிய மோகம் இருந்தது. 1974இல் வந்த முதல் பதிப்பில் மூன்றே தொழில்கள். திருடன் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தான். ஆட ஆடப் பாத்திரத்தின் திறமை படிப்படியாக உயரும்; 1981 பதிப்பில் மனிதர் பதினான்காம் படிவரை ஏறலாம். ட்வார்ஃப் 12, எல்ஃப் 10, ஹாஃப்லிங் 8 படிகளோடு நின்றுவிட வேண்டும். அந்தச் சுவைக்காக நானும் ஒரு விதி சேர்த்தேன்: ஹாஃப்லிங் போர்வீரன் ஆறாம் படிக்கு மேல் போக முடியாது.

2023இல் ஒரு போயா நாள் மாலை அந்தப் படி வந்தது. ஹாஃப்லிங்காக ஆடியவள் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கொப்பியில் பென்சிலை வைத்தபடியே கேட்டாள்: “எவ்வளவு திறமை இருந்தாலும் பிறப்பால் இவ்வளவுதானா, அண்ணா?” ஜன்னலோரம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அவளுடைய பெரியப்பா பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலில், தமிழில் எழுதியவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதல் புள்ளி கேட்டதால் மருத்துவபீடத்தைத் தவறவிட்டவர் அவர். ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த விதியை அங்கேயே அடித்துவிட்டேன். அதை மேசைக்குக் கொண்டுவந்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஒரு கரையில் யார் யார் வாழ்கிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்வது வேறு; வாழ்கிறவர்களில் யார் எவ்வளவு உயரலாம் என்று அளந்து வைப்பது வேறு. முன்னதை இன்றும் விடாப்பிடியாக வைத்திருக்கிறேன். பின்னது எங்கள் வீட்டில் இனி இல்லை. கொப்பியில் ‘இனம்’ என்று நான் எழுதியிருந்த கட்டமும் அன்றோடு ‘மரபு’ ஆனது. 2024 பதிப்பில் விளையாட்டை வெளியிடுகிறவர்களும் அந்தப் பழைய சொல்லைக் கைவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. அடிப்படை விதிகளில் போர்வீரன் தன் தொழிலுக்குள் எடுக்கக்கூடிய கிளை ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் படியில் இருபது முகப் பகடையில் 20 மட்டுமல்லாமல் 19 விழுந்தாலும் பேரடி, அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி, என்ற சலுகை கிடைக்கிறது. அதன் பிறகு சண்டையில் புதிதாக யோசிக்க அதிகம் இல்லை. வங்கி நண்பர் ஆறாம் படிக்குப் பிறகு சண்டைக் காட்சிகளில் தேநீர் போட எழுந்து போய்விடுவார். அவர் சலித்தது நியாயம்தான். பாடகன் இல்லாததும் பெரிய குறை. முத்துக்குளிப்புக் கரையில் அம்பா என்ற கடல் தொழிலாளர் பாட்டைப் பாட ஆளில்லை என்றால் எப்படி?

ஆகவே இப்போது ஒவ்வொரு புதிய ஆட்டத்துக்கும் பட்டியலுக்கு வெளியே ஒரேயொரு தெரிவைத் திறக்கிறோம். கேட்கிறவர் அந்தப் பாத்திரத்துக்கு எங்கள் கரையில் ஓர் ஊரும் உறவும் தேடித் தர வேண்டும். பல்கலைக்கழகம் போய்விட்ட அந்தத் தங்கை இம்முறை பாடகி வேண்டும் என்கிறாள். வரும் போயாவுக்குள் ஊரைச் சொல் என்றேன். நேற்றிரவு நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்திலேயே, என் வரைபடத்தில் நான் வெறுமையாக விட்டிருந்த தீவுக்குப் பெயர் வைத்துவிட்டாள்.