ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி அருங்காட்சியகம்: வாங்கும் முன்பே போயிருக்க வேண்டிய இடம்

மாசசூசெட்ஸில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கு நான் போனதே கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான். முந்தைய மாதம் ஒரு பழம்பொருள் கடையில் 1873 மாடல் ட்ராப்டோர் கார்பைன் என்று சொல்லி ஒன்றை என் தலையில் கட்டியிருந்தார்கள். குதிரைப்படைக்கென்று செய்த, குழல் குட்டையான துப்பாக்கிதான் கார்பைன். காலாட்படை ரைஃபிளைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு, அதனால் விலையும் அதிகம்.

ஆர்மரி 1794-ல் தொடங்கி 1968 வரை ஓடிய அரசு ஆயுதத் தொழிற்சாலை. இப்போது ஒரு கல்லூரி வளாகத்தை ஒட்டி, தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால மஸ்கட் துப்பாக்கிகளை நெட்டுக்குத்தாக அடுக்கிய பெரிய சட்டத்தின் முன்னால் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியதுதான். ஆனால் சேகரிப்பவர்களுக்கு விருந்து ட்ராப்டோர் வரிசைதான்.

போர் முடிந்ததும் அரசிடம் குழலின் முன்வாய் வழியாக வெடிமருந்து போடும் மஸ்கட்டுகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. இங்கே தலைமைக் கைவினைஞராக இருந்த எர்ஸ்கின் ஆலின், அவற்றின் பின்புறத்தை வெட்டி, பின்னாலிருந்தே தோட்டா போட மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவைப் பொருத்தினார். ட்ராப்டோர் என்ற பெயர் அதனால்தான். அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் 1873 மாடல்.

அங்கே அசல் கார்பைனைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இடது பக்கம் குதிரைவீரரின் தோள் வாரில் மாட்டும் வளையமும் அதைத் தாங்கும் இரும்புக் கம்பியும் இருந்தன. என்னுடையதில் வளையமும் இல்லை, திருகு இருந்த தடமும் இல்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துக் கட்டையின் முன்பகுதியைத் திருப்பிப் பார்த்தேன். குழலுக்குக் கீழே, விரல் அகலம்கூட இல்லாத ஒரு மரத்துண்டு நீளவாக்கில் ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் வருடினால் இணைப்பு தட்டுப்பட்டது. ரைஃபிளில் துடைப்புக் கம்பி போகும் பள்ளம் அது. அதை அடைத்து, 32 அங்குலத்துக்கு மேல் இருந்த குழலை 22 அங்குலமாக அறுத்திருக்கிறார்கள். அளவு நாடா வைத்துப் பார்த்தால் கார்பைன் கணக்குதான் வரும். குறிபார்க்கும் பின் குறிகாட்டியிலோ ரைஃபிளுக்கான ‘ஆர்’ எழுத்து அப்படியே இருக்கிறது. கார்பைன் தோட்டாவில் வெடிமருந்து 55 கிரெய்ன், ரைஃபிளில் 70. தூரக் கணக்கு மாறுவதால்தான் தனித்தனிக் குறிகாட்டி.

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பணம் போனதைவிட, நல்ல ரைஃபிள் ஒன்றை யாரோ ரம்பத்தால் அறுத்துவிட்டார்களே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். துப்பாக்கிக் கட்டைகளை ஒரே அச்சாகச் செதுக்கிய பிளாஞ்சர்டின் கடைசல் எந்திரத்தையும் விடாதீர்கள். அடுத்த முறை, ட்ராப்டோருக்குப் பிறகு வந்த க்ராக் ரைஃபிள்களுக்காகவே போகிறேன். அமெரிக்கச் சட்டப்படி 1898 வரை செய்ததுதான் பழம்பொருள். க்ராக் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வருகிறது. இந்தத் தடவை முதலில் அருங்காட்சியகம், அப்புறம்தான் கடை.