டொமைன் கன்ட்ரோலர் மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை: 1,85,000 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சர்வர் விற்பது, நிறுவுவது, பராமரிப்பது எல்லாம் நாங்களே என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஒப்பந்த நிறுவனம்.

எங்கள் அலுவலகத்தின் ஆக்டிவ் டைரக்டரி, அதாவது ஊழியர் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே டொமைனாக நிர்வகிக்கும் அமைப்பு, விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நடத்தும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். 2023 அக்டோபரோடு அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் 2022 பதிப்புக்கு மாறியாக வேண்டும். 1,85,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் முன்பணமாக.

வந்த பொறியாளர் திரையை மேலாளர் பக்கம் திருப்பி, புதிய சர்வரில் பயனர் பட்டியல் முழுவதும் வந்து நிற்பதைக் காட்டினார். “பாருங்கள் சார், ஒரு பெயர்கூட விடுபடவில்லை.” பட்டியல் தானாக நகலாகிவிடும், அதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். மேலாளர் அசந்துபோய் அங்கேயே கையெழுத்துப் போட்டார். “இனி இது பழைய இரும்பு” என்று பழைய சர்வரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சில மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஆட்களும் கணினிகளும் கூட்டமாகச் சேர்ந்த நேரத்தில், புதிய கணக்கு எதையும் திறக்க முடியவில்லை. அடையாள எண் ஒதுக்க முடியாது என்று பிழைச் செய்தி. டொமைனின் தலைமைப் பொறுப்புகள் எந்தச் சர்வரிடம் இருக்கின்றன என்று காட்டும் ‘நெட்டாம் குவெரி ஃபிஸ்மோ’ (netdom query fsmo) கட்டளையைத் தட்டினேன். ஐந்து வரிகள், ஐந்திலும் வண்டியேறிப் போன சர்வரின் பெயர்! கீழே, கட்டளை வெற்றிகரமாக முடிந்தது என்று வேறு. ஐந்து தலைமைப் பொறுப்புகளில் ஒன்றைக்கூடப் புதிய சர்வருக்கு மாற்றவில்லை. ஒயரை மட்டும் பிடுங்கியிருக்கிறார்கள். புதிய கணக்குகளுக்கான அடையாள எண்களைக் கட்டுக்கட்டாக ஒதுக்குவது அந்தப் பொறுப்புகளில் ஒன்றின் வேலை; புதிய சர்வரின் கையிருப்பில் இருந்த 500 எண்கள் தீரும்வரை குட்டு வெளிப்படவில்லை.

போன் செய்தால், “உங்கள் நெட்வொர்க் கோளாறு” என்றார்கள். பிறகு, அந்தப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டாராம். பிறகு, மேலாளர் கையெழுத்திட்ட தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. கடைசியில், பழைய சர்வரைக் கொண்டுவந்து மாட்ட 40,000 ரூபாய் என்றார்கள். சரி, அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டுமாவது கொடுங்கள், ஊழியர் அத்தனை பேரின் பாஸ்வேர்டு ஹாஷ்களும் (பாஸ்வேர்டுகளின் உருமாற்றிய வடிவம்) அதில்தான் இருக்கின்றன என்றேன். “அது காயலான் கடைக்குப் போயிருக்கும் சார்.” 40,000 ரூபாய் தந்தால் வருகிற சர்வர், டிஸ்க்கைக் கேட்டால் மட்டும் காயலான் கடையில்!

ஐந்து பொறுப்புகளையும் நானே வலுக்கட்டாயமாகப் புதிய சர்வருக்கு மாற்றினேன். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றவைத்தேன். டொமைனின் உள்நுழைவு அனுமதிகளைக் காக்கும் கேஆர்பிடிஜிடி (krbtgt) என்ற உள் கணக்குக்கு இரண்டு முறை. 1,85,000 ரூபாய் கொடுத்ததற்குக் கிடைத்த சேவை இது.

விரிவான ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது வருவது இவ்வளவுதான். கையெழுத்துக்கு முன்னால் அந்த ஐந்து வரிகளைப் பாருங்கள். டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து முறைப்படி பதவியிறக்கம் செய்யாமல் பழைய சர்வரை அணைக்க விடாதீர்கள். பொறுப்புகளை வலுக்கட்டாயமாக மாற்றிய பின் பழைய சர்வரை மறுபடி நெட்வொர்க்கில் மாட்டவே கூடாது. டிஸ்க் வாசலைத் தாண்டக் கூடாது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

1,85,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி 33,300 பாக்கி என்று இன்று காலை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள்.