காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது பித்தளை ஆகிவிடாது

"முழுப் பித்தளை" என்று சொல்லி விற்கப்படும் ஆங்கிள் காக்குகளில் (சுவர் பைப்பில் மாட்டி, வாஷ்பேசின் போன்றவற்றுக்குப் போகும் தண்ணீரை மூடித் திறக்கும் சிறு வால்வுகள்) சில, குரோம் பூசிய ஜிங்க் கலவை வார்ப்புகள். ஏமாற்றும் விதம் இதுதான்: காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள், ஒட்டாது, "பார்த்தீங்களா, பித்தளை" என்பார்கள். ஜிங்க் கலவையிலும் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனை இரும்பை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

நஷ்டம் வால்வின் விலையோடு நிற்பதில்லை. ஈரத்திலேயே கிடக்கும் ஜிங்க் கலவை நாளடைவில் அரித்துப் பொரிந்துபோகும். உலோகம் மெலிந்திருக்கும் மரைப் பகுதியில்தான் முதல் விரிசல். கழற்றப்போனால் வால்வு கையோடு வந்துவிடும், மரைத்துண்டு சுவருக்குள் சிக்கிக்கொள்ளும். யாரும் தொடாமலே, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் முறிவதும் உண்டு. அப்போது "பைப் பழசு" என்று பழி பைப்பின் தலையில் விழும். முறிந்த முகத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் ஜிங்க், மஞ்சளாக இருந்தால் பித்தளை.

வாங்கும் முன் மரையின் உள்விளிம்பில் சின்ன அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. பூச்சுக்கு அடியில் மஞ்சள் தெரிய வேண்டும். வேண்டாம் என்று கடைக்காரர் தடுத்தால் அங்கே வாங்க வேண்டாம். எடையும் உதவும்: பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 8.5 கிராம், ஜிங்க் கலவை 6.7 கிராம்தான்.

நிஜப் பித்தளையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணப் பித்தளையில் 40 சதவீதம் வரை ஜிங்க் இருக்கும். குளோரைடு மிகுந்த தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துவிட்டால், மிஞ்சுவது செந்நிறமான, துளைத்துளையான செம்பு. வெளியே வெள்ளைப் பொடி பூப்பது அதற்கு அறிகுறி. அப்படிப்பட்ட தண்ணீருக்கு 'டி.இசட்.ஆர்' அல்லது 'சி.ஆர்' (இப்படி ஜிங்க் கரைவதைத் தாங்கும் பித்தளை என்பதற்கான குறிகள்) என்று உடம்பிலேயே பொறித்த வால்வு தேவை. ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

காந்தம் உண்மையில் உதவும் இடம் பால் வால்வின் (ball valve: துளையுள்ள உருண்டை திரும்பி தண்ணீரை மூடித் திறக்கும் வகை) உருண்டை. அங்கே ஒட்டினால் அது பூச்சு பூசிய இரும்பாக இருக்கலாம். பூச்சு உரிந்து துரு கிளம்பினால் உருண்டை உட்காரும் டெஃப்ளான் வளையம் கீறல் விழும், பிறகு மூடினாலும் கசியும். கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் தண்டான ஸ்பிண்டிலையும் கவனியுங்கள். உள்ளிருந்து செருகப்பட்டதென்றால் மேல் நட்டு தளர்ந்தாலும் வெளியே பாயாது. வெளியிலிருந்து செருகி ஒரு நட்டை மட்டும் நம்பி நிற்பது ஆபத்து. பலசுற்றுத் திருப்பும் வகையில் பிளாஸ்டிக் ஸ்பிண்டில் இருந்தால் வாங்கவே வேண்டாம். பல வருடம் தொடாமல் கிடந்து, அவசரத்துக்குத் திருப்பும்போது முறியும். வெந்நீர் லைனில் பி.வி.சி வால்வு கூடாது, 60 டிகிரி செல்சியஸே அதன் எல்லை.

இன்னொரு தவறு கடையிலேயே நடக்கும். பைப் மரையில் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ்), என்.பி.டி. (அமெரிக்க) என்று இரண்டு அளவுமுறைகள் உண்டு; அரை இஞ்ச்சில் இரண்டுக்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. அதனால் சில சுற்று ஏறும், பிறகு இறுகும், ஆனால் கசிவு நிற்காது. இன்னும் கொஞ்சம் டேப் சுற்றினால் சரியாகும் என்று சொல்பவர் கையில் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மாட்டும்போது மெயின் வால்வை மூடி, வீட்டின் தாழ்ந்த குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். டெஃப்ளான் டேப்பை மரை ஏறும் திசையில் 5 முதல் 8 சுற்று சுற்றினால் போதும். ஒரு ஸ்பேனர் பைப்பை அசையாமல் பிடிக்க, இன்னொன்று வால்வைத் திருப்ப. பைப்பைப் பிடிக்கும் ஸ்பேனரை மிச்சம்பிடிப்பதால்தான் சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) விரிசல் விடுகிறது. பிளாஸ்டிக் சாக்கெட்டில் உலோக மரையை ஏற்றினால் இறுக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், சாக்கெட் பிளந்துவிடும். தண்ணீர் விட்ட பிறகு மூட்டைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்து, ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் பாருங்கள்.

பில்லில் "பித்தளை" என்று எழுதி வாங்குங்கள். வாரண்டி என்றால் பெரும்பாலும் புது வால்வு மட்டும்தான். ஊறிப்போன தரைக்கும் அலமாரிக்கும் யாரும் காசு தரமாட்டார்கள். முறிந்த வால்வைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கச் சொன்னால் படம் எடுத்த பிறகு கொடுங்கள்.