மேலிருந்து பார்க்கும் கண்: மின்சார இன்ஜின் மாதிரிகளில் எதை எடுப்பது, எதை விடுவது

வீட்டில் ஓடும் குட்டி ரயிலை நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் நம் கண் இருந்தால், 1:87 அளவில் (நிஜத்தில் 87 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ.) அது ஏறக்குறைய 35 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து ரயில் நிலையத்தை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். நடைமேடையில் நிற்பவருக்கு இன்ஜினின் முகமும் பக்கவாட்டும் தெரியும். நமக்குத் தெரிவது கூரை.

நீராவி இன்ஜினின் அழகு சக்கரங்களிலும் அவற்றை உருட்டும் தண்டுகளிலும் இருக்கிறது. மின்சார இன்ஜினின் அழகு முழுக்கக் கூரையில் இருக்கிறது: மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மடக்குக் கையான பான்டோகிராஃப், அதைத் தாங்கும் இன்சுலேட்டர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் மின்தண்டுகள், காற்றுத்துளை மூடிகள். எனவே எந்த இரண்டு தெரிவுகளை எடைபோட்டாலும், “இது கூரைக்கு என்ன செய்கிறது?” என்று முதலில் கேட்பது என் வழக்கம். விற்பனைப் பட்டியல்கள் பக்கவாட்டுப் படத்தையே காட்டுவதால் இந்தக் கேள்வி எளிதில் விட்டுப்போகிறது.

எச்.ஓ. (HO) அளவா, ‘என்’ (N) அளவா?

எச்.ஓ. என்பது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’ அளவு 1:160. இடைவெளி 9 மி.மீ. இடம் குறைவாக இருப்பவர்கள் ‘என்’ அளவுக்குப் போவது நியாயம்தான். அதே பலகையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமான ரயிலை ஓட்டலாம். மலையும் பாலமும் ரயிலைச் சிறிதாக்கிக் காட்டும் அகன்ற காட்சியும் கிடைக்கும். காட்சிதான் முக்கியம் என்பவருக்கு ‘என்’ அளவே வெல்லும்.

இன்ஜினைக் கையில் எடுத்துத் திருத்த விரும்புபவருக்கு நிலைமை வேறு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பான்டோகிராஃப் தலையின் அகலம் 1,950 மி.மீ.; சுவிட்சர்லாந்தில் 1,450 மி.மீ. எச்.ஓ. அளவில் இவை 22.4 மி.மீ., 16.7 மி.மீ. என்று வருகின்றன. பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும். வெக்ட்ரான் போல எல்லை தாண்டி ஓடும் இன்ஜின்கள் சில, கூரையில் நான்கு பான்டோகிராஃப்களைச் சுமப்பதற்கு இந்த அகல வேறுபாடும் ஒரு காரணம். ‘என்’ அளவில் அதே தலைகள் 12 மி.மீ., 9 மி.மீ. ஆகிவிடுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், அவ்வளவு சிறிய பான்டோகிராஃப் உடையாமல் நிற்க அதன் கம்பிகளை அளவுக்கு மீறித் தடிமனாகச் செய்தாக வேண்டும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதலில் படுவதும் அந்தத் தடிமன்தான். என் தேர்வு எச்.ஓ.

நடுப்புள்ளி முறையா, இரு தண்டவாள முறையா?

எச்.ஓ.வுக்குள்ளேயே இரண்டு முகாம்கள் உண்டு. மார்க்லின் நிறுவனத்தின் முறையில் தண்டவாளங்களுக்கு நடுவே, கட்டைகளின் மேல் வரிசையாக உலோகப் புள்ளிகள் இருக்கும். இன்ஜினின் அடியில் உள்ள நீண்ட வழுக்குப் பட்டை அவற்றை உரசியபடி மின்சாரம் எடுக்கும். இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்து திரும்பும் வழியாகும். மற்ற முறையில் ஒரு தண்டவாளம் ஒரு முனை, மற்றது மறு முனை. சக்கரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று காப்பிடப்பட்டிருக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நடுப்புள்ளி முறையே எளிது என்பதை இரு தண்டவாளக்காரனான நானும் ஒப்புக்கொள்கிறேன். பாதையை வளைத்துத் தன்னோடு தானே சேரும் திருப்பு வளையமாக்கினால், இரு தண்டவாள முறையில் இரண்டு முனைகளும் முட்டிக் குறுக்குச் சுற்று ஏற்படும். அதைத் தீர்க்கத் தனிக் கருவி வேண்டும். நடுப்புள்ளி முறையில் இந்தப் பிரச்சினையே கிடையாது. வழுக்குப் பட்டை ஒரே நேரத்தில் பல புள்ளிகளைத் தொடுவதால் தூசி படிந்த பாதையிலும் இன்ஜின் தயங்காது. குழந்தைகள் ஓட்டும் வீடாக இருந்தால் நான் யோசிக்காமல் இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் புள்ளிகள் மேலிருந்து பார்த்தால் தெரியும். பட்டை உரசும் ஓசை இன்ஜினின் சொந்த ஒலியோடு கலக்கும். திருத்துபவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அடிப்பகுதியில் பட்டை பிடித்துக்கொள்ளும் இடத்தில் வேறு எதையும் வைக்க முடியாது. ரோகோ, பிக்கோ போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே இன்ஜினை இரண்டு முறைக்கும் தனித்தனியாக விற்கிறார்கள். மேற்கூடு ஒன்றுதான், சக்கரமும் அடிப்பகுதியும் மாறும். பழைய இன்ஜினை வாங்கும்போது எந்த முறைக்கானது என்று பாராமல் வாங்கினால் சக்கரத் தொகுதியையே மாற்றும் வேலை காத்திருக்கிறது.

மேலே கம்பி வேண்டுமா?

மூன்று வழிகள் இருக்கின்றன: மேல்கம்பியிலிருந்து உண்மையாகவே மின்சாரம் எடுப்பது, கம்பியைப் பார்வைக்கு மட்டும் கட்டுவது, கம்பியே இல்லாமல் ஓட்டுவது.

மின்சாரம் எடுக்கும் கம்பிக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. பழைய அனலாக் முறையில் ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட வேண்டுமானால், ஒன்றைத் தண்டவாளத்திலிருந்தும் மற்றொன்றைக் கம்பியிலிருந்தும் இயக்கலாம். டிஜிட்டல் முறை வந்து ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி முகவரி கிடைத்ததும் அந்தத் தேவை மறைந்தது. இரு தண்டவாள முறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்பியோடு ஒரு பக்கத் தண்டவாளம்தான் சுற்றை முடிக்கிறது. இன்ஜினைத் திருப்பி வைத்தால் அது எதிர்ப்பக்கத் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு, ஓடாமல் நின்றுவிடும்.

பார்வைக்கு மட்டும் கட்டும் கம்பியில்தான் கைவேலை இருக்கிறது. நிஜத்தில் தொடர்புக் கம்பியின் விட்டம் சுமார் 12 மி.மீ. எச்.ஓ. அளவில் அது 0.14 மி.மீ.; தலைமுடியைவிடச் சற்றே தடிமன். பான்டோகிராஃபின் சுருள்வில் அதை மேலே தள்ளிவிடும். ஆகவே கடையில் கிடைக்கும் கம்பிகள் பல மடங்கு தடிமனாகவே இருக்கின்றன. மெல்லிய கம்பியும் வேண்டும், உயர்ந்து நிற்கும் பான்டோகிராஃபும் வேண்டும் என்றால், தலை கம்பியைத் தொடுவதற்கு ஒரு மி.மீ. முன்பே நிற்கும்படி அதை ஒரு மெல்லிய நூலால் கட்டிவிடலாம். மேலிருந்து பார்க்கையில் அந்த இடைவெளி தெரியவே தெரியாது.

வளைவில் கம்பி வளையாது. தூணுக்குத் தூண் நேர்கோட்டில்தான் போகும். 360 மி.மீ. ஆரமுள்ள வளைவில் தூண்களை 180 மி.மீ.க்கு ஒன்றாக நட்டால், நடுவில் கம்பி பாதையின் வளைவிலிருந்து 11 மி.மீ. விலகும். அதைப் பாதி உள்ளே, பாதி வெளியே என்று பங்கிட்டால் இருபுறமும் ஐந்தரை மி.மீ. 22 மி.மீ. தலைக்கு இது போதும், 16.7 மி.மீ. சுவிஸ் தலைக்கு மிக நெருக்கம். சுவிஸ் இன்ஜின் சேர்ப்பவர்கள் தூண்களை இன்னும் நெருக்கமாக நட வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யாமல் நான் கட்டிய முதல் வளைவில் தலை கம்பிக்கு வெளியே எழும்பி, அடுத்த தூணின் கையில் மாட்டி, கூரையோடு பிய்ந்துகொண்டு வந்தது. பான்டோகிராஃபை மாற்ற முடிந்தது. கூரையில் அது விட்ட கிழிசலை மாற்ற முடியவில்லை.

கம்பி இல்லாமல் பான்டோகிராஃபைத் தூக்கி வைத்து ஓட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கம்பி கட்டும்வரை இன்ஜினின் இரண்டு பான்டோகிராஃப்களையும் மடக்கியே வைக்கிறேன்.

முழுமையான மாதிரியா, எளிய மாதிரியா?

திருத்துவதில் ஆர்வம் உள்ளவர் நிதானிக்க வேண்டிய இடம் இது. ஒருபுறம், ஒலி, ஓட்டுநர் அறை விளக்கு, சில மாதிரிகளில் மோட்டாரால் தானே ஏறி இறங்கும் பான்டோகிராஃப் என எல்லாம் பொருத்தி வரும் உயர்தர மாதிரி. மறுபுறம், மோட்டாரும் முன் விளக்கும், டிஜிட்டல் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சிறு மின்னணுப் பலகையான டிகோடருக்கான இணைப்பு முனையும் மட்டுமே கொண்ட எளிய மாதிரி.

ஒலிக்காக மட்டும் வாங்குவதானால் முழுமையான மாதிரியை வாங்குங்கள். சீமென்ஸின் டாரஸ் இன்ஜின் புறப்படும்போது அதன் மின்மாற்றுக் கருவிகளிலிருந்து ஆரோகணம் பாடுவதுபோல் படிப்படியாக ஏறும் ஒரு ஒலி வரும். அந்த ஒலி சக்கரம் அசையும் கணத்தோடு சரியாகப் பொருந்தினால்தான் சுகம். தொழிற்சாலையில் அந்த இன்ஜினுக்கென்றே ஒத்திசைத்து அனுப்பியதை நாமாக எட்டிப்பிடிக்கப் பல மாலைகள் ஆகும்.

எளிய மாதிரியில் நாமே ஒலி சேர்க்கும்போது ஸ்பீக்கரை வெறுமனே உள்ளே ஒட்டினால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிறியதாக இருந்தாலும் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைக்க வேண்டும். வாங்கும் முன் இணைப்பு முனையையும் பாருங்கள். பழைய 8 முனை இணைப்பில் இரு திசை விளக்குகளுக்கும் மேலாக ஒரே ஒரு கூடுதல் வெளியீடுதான் உண்டு. பிளக்ஸ்22 அல்லது 21 முனை இணைப்பு இருந்தால் பின்புறச் சிவப்பு விளக்கையும் அறை விளக்கையும் தனித்தனியே இயக்க வழி கிடைக்கும். பெட்டிகளோடு இணைந்த பக்கத்தில் விளக்கு எரிவது எனக்குப் பொறுக்காது; அதற்காகவே 8 முனை இன்ஜின்களைத் தவிர்க்கிறேன்.

கூரை என்று வந்துவிட்டால் எளிய மாதிரி வெல்கிறது. எல்லாம் பொருத்திய மாதிரியில் கத்தியும் தூரிகையும் வைக்கக் கை நடுங்கும். உள்ளே மெல்லிய கம்பிகள், மோட்டார், உடைந்தால் கிடைக்காத துண்டுகள். எளிய மாதிரியில் பான்டோகிராஃப் பெரும்பாலும் ஒரு திருகோடு கழன்றுவிடும். கூரையோடு சேர்த்து வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் மின்தண்டுகளைச் சீவி எடுத்துவிட்டு, 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியை இன்சுலேட்டர்களுக்கு மேல் வளைத்து ஒட்டினால், அந்த ஒரு வேலையிலேயே இன்ஜின் வேறாகிவிடும். அதன் பிறகு மங்கல் வார்னிஷ். பிறகு கரித்தூள்: பான்டோகிராஃபின் கார்பன் பட்டை தேய்ந்து விழும் தூள் கூரையின் இரு முனைகளில் அடர்ந்தும் நடுவே வெளிறியும் படியும். பென்சில் முனையைச் சுரண்டிய கிராஃபைட் தூளை மென்தூரிகையால் இழுத்தால் அந்த மெல்லிய உலோகப் பளபளப்புகூட வருகிறது. கீழே சக்கரச் சட்டங்களில் வேறு நிறம்; வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் உதிர்த்த துருப்பழுப்பு. இரண்டையும் ஒரே கறுப்பால் பூசிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

எண்ணை மாற்ற வேண்டுமானால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு குச்சியால் மெதுவாகத் தேய்க்கலாம். அடியிலுள்ள வண்ணமும் கரையுமா என்பதை முதலில் மறைவான ஓர் இடத்தில் சோதித்துவிடுங்கள்.

பழைய உலோக இன்ஜின்கள்

‘முதலை’ என்ற பட்டப்பெயர் கொண்ட சுவிஸ் இன்ஜினைச் சொல்லாமல் மின்சார இன்ஜின் சேகரிப்பைப் பற்றிப் பேச முடியாது. கோட்ஹார்டு மலைப்பாதைக்காகச் செய்யப்பட்ட சி.இ. 6/8 வகையில் முதலில் 33 இன்ஜின்களும், பின்னர் திருத்திய வடிவில் 18 இன்ஜின்களும் வந்தன. மார்க்லின் 1947இல் இதன் எச்.ஓ. மாதிரியைக் கொண்டுவந்தது. இருபது மீட்டர் நீள இன்ஜின் என்றாலும், நிஜத்தைப் போலவே மூன்று துண்டாக மடிவதால் இறுக்கமான வளைவிலும் அழகாகத் திரும்பும். ஒரே நீளக் கூடாகச் செய்த ஜெர்மனியின் 103 வகை, அதே வளைவில் மூலைகளை வெளியே நீட்டிக்கொண்டு போகும். சிறிய வளைவுகள் உள்ள வீட்டுக்கு முதலை பொருந்துவதற்கு இதுவே காரணம்.

பழைய உலோக மாதிரியின் எடை ரயிலை இழுக்க உதவும். புதிய பிளாஸ்டிக் கூட்டில் நுணுக்கம் அதிகம். வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், ஆண்டுகள் போகப் போக உலோகம் உப்பி, விளிம்புகளில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, கடைசியில் பிஸ்கட்போல் நொறுங்கும். இதற்கு மருந்து கிடையாது. வண்ணத்துக்கு அடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் எவ்வளவு அரிய இன்ஜினாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முழுதாக, மூல வண்ணத்தோடு கிடைக்கும் பழையதை நான் தொடுவதில்லை. இறுகிப்போன கிரீஸை எடுத்து, எண்ணெய் இட்டு, மோட்டார் பிரஷ்ஷை மாற்றுவதோடு சரி. அதன் தடித்த பான்டோகிராஃபும் அந்தக் காலத்துப் பளபளப்பும் அதன் வரலாறு. கூரை உடைந்தது, யாரோ முன்பே வண்ணம் பூசிக் கெடுத்தது, பெட்டி இல்லாதது என்று ஒதுக்கப்பட்டவைதான் என் வேலை மேசைக்கு வருகின்றன. இப்போதும் ஒன்று அங்கே இருக்கிறது: முன் பான்டோகிராஃப் இல்லாத ஒரு பழைய பச்சை முதலை. அதற்கு 16.7 மி.மீ. தலை வேண்டும்.